மேல் கார்பெனிஷில் 'உண்டு' என்று எழுதிய மனிதர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுதவேண்டியது இது இல்லை.

ஒரு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். 'நம் நாட்டில் அகலப்பட்டை இணையத்தை ஊர்தோறும் கொண்டுசேர்ப்பது பற்றி நடந்த கொள்கை விவாதங்களின் வரலாறு, பன்னிரண்டு பக்கத்துக்கு மிகாமல்.' எழுதச் சொன்னவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் படிக்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் வாங்கிய வேலையைச் செய்யவேண்டுமே என்று தலைநகர் புக்கரெஸ்ட்டில் ஓர் ஆவணக் காப்பகத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து, குழுக்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவை பிடித்துப்போயின. பத்து வருஷம் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்து சண்டை போடும் மனிதர்களை எப்படிப் பிடிக்காமல் போகும்?

மூன்றாவது வாரம், ஒரு பின்னிணைப்பில், எழுநூறு சொச்சம் ஊர்களின் பட்டியல். ஒவ்வொரு ஊருக்கும் நேரே 'உண்டு' அல்லது 'இல்லை'. 'மேல் கார்பெனிஷ் – உண்டு' என்ற இடத்தில் மட்டும் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அதுதான் என்னைக் கெடுத்தது. மூன்று பஸ் மாறி அந்த ஊருக்குப் போனேன். அங்கே ஊர் அலுவலகச் செயலாளர் வெதூரியா என்ற பெண்மணியைப் பார்த்தேன். கட்டுரை அத்தோடு போயிற்று.

வெதூரியா ஒரு நிபந்தனையோடுதான் பேசினார். நான் எழுதுவதை ஒவ்வொரு பகுதியாகப் போனில் படித்துக்காட்ட வேண்டும். அவர் மறுப்புச் சொன்னால் அதையும் போடவேண்டும். நட்சத்திரக் குறியோடு வருவதெல்லாம் அவர் வாய்மொழி.

2

முதல் தொடக்கம்:

"இருபத்தோராம் நூற்றாண்டின் விடியலில் தகவல் நெடுஞ்சாலை என்னும்—"

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாம் தொடக்கம்:

"மலைமேல் மூடுபனி கவிந்திருந்தது. வெதூரியா நரைத்த கூந்தலை—"

* மூடுபனியா? செப்டம்பர் மாசம், வெயில் பல்லை இளிச்சுகிட்டு இருந்துச்சு. ஊரே முற்றத்துல பிளம் பழம் காய்ச்சிக்கிட்டு இருந்தோம். அப்புறம், எனக்கு எங்கய்யா நரைச்சிருக்கு?

மூன்றாம் தொடக்கம், கட்டுரைக்காக எழுதியது. இதை மட்டும் விட மனமில்லை, விவாதத்தின் கதை இதில் இருப்பதால்:

நம் நகரங்களில் சட்டம் வருவதற்கு முன்பே கம்பி வந்துவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் இணைப்பு வாங்குவார். பக்கத்து வீட்டார், எதிர் வீட்டார், மேல் மாடிக்காரர் என்று பால்கனியிலிருந்து பால்கனிக்கு, மரத்தில் சுற்றி, விளக்குக் கம்பத்தில் கட்டி, கம்பியை இழுத்துக்கொள்வார்கள். அரசாங்கம் கண்விழித்தபோது நகரத்தில் இணையம் குதிரைப் பாய்ச்சலில் ஓடிக்கொண்டிருந்தது. 'ஐரோப்பாவிலேயே நாம்தான் வேகம்' என்று அவையில் பெருமை பேசினார்கள். அதே நேரத்தில் மலையூர்களில் ஒரு கடிதத்தைத் திறக்க ஒரு காபி குடித்து முடிக்கவேண்டியிருந்தது.

விவாதம் அங்கே தொடங்கியது. இது அரசின் வேலையா, கம்பெனிகளின் வேலையா? இது வண்ணத் தொலைக்காட்சி மாதிரி ஆடம்பரமா, தண்ணீர், ரோடு மாதிரி அத்தியாவசியமா? எத்தனை வேகம் இருந்தால் 'இருக்கிறது' என்று சொல்லலாம்? கீழே வரும் இரண்டு வரியை நானே கோத்தேன், ஆனால் இந்த ஜாடையில் பேசியவர்கள் நிறையப் பேர்.

"என் தொகுதியில எந்த மாடும் இணையம் கேக்கல."

"மாடு கேக்காது. ஆனா மாட்டுக்கு மானியம் வேணும்னா மனு இணையத்துலதான் போடணும், அண்ணாச்சி."

கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள். நாட்டு வரைபடத்துக்கு வண்ணம் பூசுவது. யாருமே இணைப்புத் தராத ஊர் வெள்ளை. அந்த வெள்ளை ஊர்களுக்கு மட்டும் பொதுப்பணத்தில் கேபிள். நியாயமான முடிவுதான். ஆனால் எந்த ஊர் வெள்ளை என்று யாரிடம் கேட்பது? மேயர்களிடம் கேட்டார்கள். ஒரு பக்கப் படிவம். 'உங்கள் ஊரில் அகலப்பட்டை இணையம் உண்டா?' பட்டியல் வெளியாகி முப்பது நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் எழுதியது எழுதியதுதான், ஏழு வருஷத்துக்கு.

பத்து வருஷம் புத்திசாலிகள் கூடி விவாதித்ததில் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மலையூரில் வாசலுக்கு வந்தவர் 'வீட்டில் இருக்கிறதா?' என்று கேட்டால், 'இல்லை' என்று சொல்லும் வழக்கம் கிடையாது.

3

வெதூரியா அந்தப் படிவத்தின் நகலைக் கோப்பில் பார்த்தபோது பட்டியல் வெளியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. படிவம் வந்த வாரம் அவர் மாவட்ட மருத்துவமனையில் கணவர் ஆக்சென்தேயோடு இருந்தார். மேயர் சிமியோன் தாமே அதை நிரப்பி, முத்திரை குத்தி, அனுப்பிவிட்டிருந்தார். 'உண்டு' என்ற கட்டத்தில் சின்னக் குறிபோடச் சொல்லியிருந்தது. அவர் கட்டம் முழுக்க மை பூசியிருந்தார்.

 ஊரில் இருந்தது ஒரே ஓர் இணைப்பு. ஊர் அலுவலகக் கூரையில் ஓர் ஆன்டெனா, கீழ் கார்பெனிஷ் கோபுரத்தைப் பார்த்தபடி. அதிலிருந்து பிளம் மரங்களின் மேலாக எட்டு வீடுகளுக்குக் கம்பி போயிருந்தது. அதில் ஒன்று டாக்டர் ஒதிலியாவின் கிளினிக். மருந்துச் சீட்டை இணையத்தில் ஏற்றாவிட்டால் செல்லாது என்று புது விதி வந்திருந்தது. மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே அந்தப் பக்கம் திறக்காது. டாக்டர் வாரம் ஒருநாள் சீட்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு கீழ் கார்பெனிஷுக்கு இறங்கி அங்கே உட்கார்ந்து ஏற்றிவிட்டு வருவார்.

"கேபிள் வரலைன்னா புத்தாண்டுக்கு அப்புறம் நான் கீழயே போயிடறேன் அக்கா," என்று அவர் சொல்லிவிட்டிருந்தார். "கோவிச்சுக்காதீங்க. முடியல."

ஆக்சென்தேவுக்குச் சர்க்கரை. வலது கால் புண் ஆறாமல் வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வாரம் இருமுறை ஒதிலியா வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுகிறார். அவர் இருக்கும்வரை கால் இருக்கும் என்பது வெதூரியாவின் கணக்கு. டாக்டர் போய்விட்டால் என்ன ஆகும் என்று வாயால் சொல்லிக்கொண்டதில்லை.

இங்கே மேயரைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வரைவில் அவரை ஒரு கோமாளியாக எழுதியிருந்தேன், மீசை சகிதம்.

* மீசையே கிடையாது. கோமாளியும் இல்ல. பனி விழுந்தா மொதல்ல விதவைங்க வீட்டு வாசலைத் தள்ளிட்டுதான் தன் வீட்டுக்கு வருவாரு. அடிச்சுடு அதை.

அடித்துவிட்டேன். வெதூரியா அவரிடம் போய்ப் பேசியது இப்படி நடந்தது:

"என்னண்ணே இது? 'உண்டு'ன்னு போட்டிருக்கீங்க?"

"பின்ன? கூரைமேல நிக்குதே, அது கொக்கா?"

"அது எட்டு வீட்டுக்கே பத்தல. 'இல்லை'ன்னு போட்டிருந்தா கேபிள் வந்திருக்கும்."

"கீழூர்க்காரன் 'உண்டு'ன்னு போட்டிருக்கான். நான் மட்டும் என் ஊர் வெள்ளை, ஒண்ணுமத்த ஊருன்னு எழுதி முத்திரை குத்தணுமா? அப்படியே வாசல்ல ஒரு போர்டும் மாட்டிடவா, உள்ள ஒண்ணுமில்ல, வராதீங்கன்னு?"

வெதூரியா புக்கரெஸ்ட்டில் அமைச்சகத்துக்குப் போன் செய்தார். அங்கே ஒருவர் பொறுமையாகக் கேட்டார். "மேயர் எழுதினதை மேயர்தாம்மா மறுக்கணும். வேணும்னா ஒருத்தரை அனுப்பி அளந்து பார்க்கறோம். வேகம் முப்பது மெகாபிட்டுக்குக் கீழ இருந்தா, நாங்களே மாத்திடுவோம்." (அந்தப் பென்சில் கேள்விக்குறியைப் போட்டவர் இவராகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது.)

4

இருபத்திரண்டாம் நாள் எஞ்சினியர் வந்தார். பெயர் ஹோரியா, வயது முப்பது இருக்கலாம், கையில் அளக்கும் கருவி.

முந்தைய நாள் வெதூரியா எட்டு வீட்டுக்கும் ஏறி இறங்கியிருந்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல சினிமா போட்டுவிடுங்க. பார்க்காட்டியும் ஓடட்டும்." எட்டு வீடும் சரி என்றது. அவர் திரும்பிய பாதையிலேயே மேயரும் எட்டு வீட்டுக்கும் போனார். "நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரும் கம்பியைப் புடுங்கி வைங்க. பாவம், அத்தனை தூரத்துல இருந்து வர்றாரு, அவருக்கு லைன் நல்லா கிடைக்கட்டும்." எட்டு வீடும் அதற்கும் சரி என்றது.

நீங்கள் யார் பக்கம் ஜெயித்தது என்று யோசிக்கிறீர்கள். யோசிக்க ஒன்றுமில்லை. எட்டு வீடும் பிடுங்கிவிட்டது. டாக்டர் ஒதிலியா உட்பட!

"மன்னிச்சுடுங்க அக்கா," என்று அவர் பிறகு அழாக்குறையாகச் சொன்னார். "வெளியூர்க்காரர் முன்னால அசிங்கமாயிடுமேன்னு நானும் புடுங்கிட்டேன். புடுங்கின அப்புறம்தான் என்ன செஞ்சேன்னே உறைச்சுது."

ஆனால் வெதூரியா ஊரை அறியாதவர் இல்லை. அலுவலகத்துப் பின்னறையில், நூலகக் கணிப்பொறியில், மூன்று பெரிய படங்களை ஒன்றாக இறக்கவிட்டுக் கதவைச் சாத்தி வைத்திருந்தார். ஹோரியா கருவியை மாட்டினார். எண் ஏழில் நின்றது. பிறகு ஆறு. மேயரின் முகம் சுண்டிப்போனது.

5

இந்தப் பகுதியை நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். முதல் மூன்றில் ஆன்டெனாவைக் காற்று திருப்பியது, மின்சாரம் போனது, படங்கள் இறங்கி முடிந்தன. மூன்றும் பொய். நான்காவதை வெதூரியா மூன்றாவது போன் பேச்சில்தான் சொன்னார், அதுவும் சொல்லிவிட்டு உடனே எழுதக்கூடாது என்றார்.

நடந்தது இது. ஹோரியா நல்ல மனிதர், கேலி செய்யவில்லை. திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், "இவ்வளவுதானா?" என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவே.  மேசையில் கோஸ் இலையில் மடித்த கறியில் ஆவி பறந்துகொண்டிருந்தது, பிளம் சாராயம் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் காத்திருந்தது. வெதூரியாவுக்கு முகமெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தவருக்கு உடைந்த நாற்காலியைப் போட்ட மாதிரி. "ஒரு நிமிஷம்," என்று பின்னறைக்குப் போனார். சுவரில் செருகியிருந்த கம்பியைப் பிடுங்கினார்.

எண் முப்பத்திரண்டுக்கு ஏறியது.

"அட, பிரமாதமா ஓடுதே!" என்றார் ஹோரியா. எல்லாரும் கைதட்டினார்கள். அவர் நன்றாகச் சாப்பிட்டு, ஒரு ஜாடி பிளம் ஜாமை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

* நான்தான் போன் பண்ணி வரவெச்சேன். நானே புடுங்கினேன். புருஷன் காலைப் பத்தி நெனைக்கல அந்த நேரத்துல. சத்தியமா நெனைக்கல. இதை எழுதாதே.

எழுதாதே என்கிறார். ஆனால் படித்துக்காட்டியபோது இந்த இடத்தில் அவர் "அடி" என்று சொல்லவில்லை.  நான் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தப்பென்றால் பழி என்மீது. எனக்கு இந்தப் பெண்மணியின்மீது மரியாதை பிறந்ததே இந்த இடத்தில்தான்.

6

எட்டு நாள் மிச்சமிருந்தது. அளவு தெளிவாகிவிட்டதால், இனி மேயர் கைப்பட மறுத்தால்தான் உண்டு.

வெதூரியா கெஞ்சவில்லை. வேலைக்கு வந்தார், போனார், மேயரோடு பேசவில்லை. மலையூரில் பேசாமல் இருப்பது பெரிய தண்டனை. ஏழாம் நாள் மாலை மேயர், சமாதானம் சொல்ல, ஒரு கூடை வால்நட்டோடு அவர் வீட்டுக்கு வந்தார்.

ஆக்சென்தே கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒதிலியா வரும் நேரம், கட்டு அவிழ்த்து வைத்திருந்தது. வாசலில் குரல் கேட்டதும் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து மேசையிலிருந்த பூத்தையல் விரிப்பை உருவிக் காலை மூடிக்கொண்டார். பண்டிகைக்கு மட்டும் விரிக்கிற விரிப்பு.

"வா சிமியோனு. உக்காரு. வெதூரியா, இவனுக்கு ஏதாச்சும் ஊத்து."

"கால் எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு. அடுத்த மாசம் உன்கூட டான்ஸ் ஆடறேன்."

"அப்புறம் எதுக்கு விரிப்பு?"

"குளிருது."

"செப்டம்பர்ல குளிருதா?"

 மேயர் குனிந்து விரிப்பை மெல்ல எடுத்தார். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, மடிப்புக் கலையாமல், அதைத் திரும்பப் போர்த்திவிட்டார்.

"உண்டுன்னு போட்டுட்டேன்ல நான்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

7

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் அலுவலகத்துக்கு வந்தார், ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டு.

"டைப் பண்ணு."

வெதூரியா உட்கார்ந்தார்.

"மதிப்புக்குரிய அமைச்சகத்துக்கு. எங்கள் ஊரில் அகலப்பட்டை இணையம்... போதுமான அளவில்... அதாவது ஓரளவுக்கு..." நிறுத்தினார். ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். "எங்கள் ஊரில் அகலப்பட்டை இணையம் எதிர்பார்க்கப்படுகிற..."

"அண்ணே."

"தெரியுது, தெரியுது. இல்லை. போடு. இல்லை."

போட்டார். ஆனால் மனிதர் நிற்கவில்லை. அறுபத்தோரு வருஷமாகத் திறக்காத மடை.

"மருந்துக் கடை இல்லை. போடு. நாலு மணிக்கு மேல பஸ் இல்லை. ஆஸ்டர் வீட்டுப் பாலத்துல கைப்பிடி இல்லை, போன வருஷமே எழுதியிருக்கணும். பள்ளிக்கூடத்துல அஞ்சாவதுக்கு மேல இல்லை. தபாலாபீஸ் இல்லை. பல் டாக்டர் இல்லை. கல்யாண மேளம் வாசிக்க ஆள் இல்லை, கீழூர்ல இருந்து கூப்பிடறோம். என் பெரிய பொண்ணு இங்க இல்லை, வலென்சியாவுல யாரோ வயசானவங்களைப் பார்த்துக்கறா..."

வெதூரியாவின் விரல் நின்றது. "இதையும் போடணுமா?"

மேயர் யோசித்தார். "அதை வேணாம். அமைச்சகத்தால முடியாதது."

இரண்டரைப் பக்கம் வந்தது. படித்துப் பார்த்தார். முதலில் கண்ணைத் துடைத்தார், பிறகு சிரித்தார், பிறகு, "இத்தனை இல்லாமலா நாம இவ்வளவு ஜோரா இருக்கோம்?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

(பத்து வருஷ விவாதம், நூற்றுக்கணக்கான குறிப்புகள். நான் படித்தவற்றில் உண்மையான ஆவணம் இந்த இரண்டரைப் பக்கம்தான். கட்டுரைக்குப் பதில் இதையாவது போடச் சொல்லி மலர்க்காரர்களைக் கேட்டேன். 'நடை பொருந்தவில்லை' என்று பதில் வந்தது.)

8

இனி முடிவு.

அ) கடிதம் போய்ச் சேர்ந்தது. கேபிள் வந்தது. டாக்டர் தங்கினார். ஆக்சென்தே மேயரோடு ஆடினார். இப்படி முடித்துப் படித்துக்காட்டினேன்.

* டான்ஸா? கால் நல்லா இருந்தப்பவே அவருக்கு ஆட வராது.

ஆ) கடிதம் போகவில்லை. டாக்டர் கீழே இறங்கிவிட்டார். மேயர் அந்த விரிப்பை நினைத்துக்கொண்டே—

(இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இவர்களோடு பழகிவிட்டேன்.)

இ) பின்னிணைப்பின் இறுதிப் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதுவது. புரட்டினேன். எனக்குத் தெரியும். ஆனால் வெதூரியா ஒரே பிடியாக நிற்கிறார்.

* நான் கண்ணால பார்த்தது வரைக்கும் எழுது. அதுக்கு மேல உனக்கு என்ன தெரிஞ்சாலும் அது எங்க கதை இல்ல, உன் பட்டியல்.

அவர் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். முப்பதாம் நாள். மின்னஞ்சல் செல்லாது, முத்திரை குத்திய அசல்தான் செல்லும், அன்றைய தேதியில் பதிவாக வேண்டும். அஞ்சலகம் இருப்பது கீழ் கார்பெனிஷில். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் சவேதா, கீழூர் மேயரின் மனைவி, வெண்கலக் குரல். பதிவுத் தபாலுக்குச் சீட்டில் 'பொருள்' என்று ஒரு வரி எழுதவேண்டும். சவேதா அதை வரிசைக்கே கேட்கும்படி வாய்விட்டுப் படித்துத்தான் பதிவார். வழக்கம் அது. சிமியோன் எழுதியிருந்த வரி: 'எங்கள் ஊரில் இல்லை என்பது குறித்து.'

வெதூரியா வாசலில் நின்றுகொண்டார். உள்ளே வரவேண்டாம் என்று மேயர் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. மணி பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம், பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். மேயருக்கு முன்னால் நின்றவர் வேலை முடித்து நகர்ந்தார். சவேதா நிமிர்ந்து, "வாங்க மேல் கார்பெனிஷ் தலைவரே! என்ன அதிசயமா இறங்கி வந்திருக்கீங்க, ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டது வெளியே வரை கேட்டது.

மேயர் உறையைக் கோட்டுக்குள்ளிருந்து பாதி எடுத்தார்.

அவருக்குப் பின்னால் வரிசையில் ஒரே ஒருவர் நின்றிருந்தார் என்கிறார் வெதூரியா. கையில் ஏதோ பார்சல், முகம் சரியாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்று ரொம்ப யோசித்தேன். வேறு ஆள் கிடைக்கவில்லை. உங்களைத்தான் நிறுத்தியிருக்கிறேன்.

இதோ, மேயர் திரும்புகிறார். முகம் சிவந்திருக்கிறது, ஆனால் மரியாதை குறையவில்லை. உங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, "நீங்க முதல்ல போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்கிறார்.

தயவுசெய்து போகாதீர்கள்.